கல்லங்குறிச்சிக் கல்லில் ஒரு மோல்

அரியலூரைச் சுற்றி எந்தச் சாலையில் நின்றாலும் சற்று நேரத்தில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரி ஒன்று கடந்துபோகும். சுரங்கத்தை விட்டுக் கிளம்பும்போது அது எடைமேடையில் ஏறி இறங்கியிருக்கும். ஆலை வாசலில் மறுபடியும் ஏறும். லாரிக்கு வாடகை டன் கணக்கில். அரசுக்குச் செலுத்தும் உரிமத் தொகையும் டன் கணக்கில்தான். ஆனால் அந்தக் கல் சூளைக்குள் போனபின் நடக்கும் எதுவும் டன் கணக்கில் நடப்பதில்லை. அங்கே எல்லாம் தலைக்கணக்கு. ஒரு கால்சியம் கார்பனேட் உடைந்தால் ஒரு கால்சியம் ஆக்சைடும் ஒரு கார்பன் டை ஆக்சைடும் வரும். மூன்று கால்சியம் ஆக்சைடு ஒரு சிலிக்காவோடு சேர்ந்தால், சிமென்டுக்கு வலுவைத் தரும் டிரைகால்சியம் சிலிகேட் ஒன்று உண்டாகும். இரண்டே கால் என்றோ மூன்றே முக்கால் என்றோ அணுக்கள் சேர்வதில்லை.

எடைமேடை காட்டும் எடையிலிருந்து, சூளைக்குள் எத்தனை துகள்கள் போகின்றன என்று சொல்ல ஒரு வழி வேண்டும். அந்த வழிக்குப் பெயர்தான் மோல்.

மோல் என்றால் என்ன என்று பத்தாம் வகுப்பு மாணவரிடம் கேட்டால் 6.022 × 10²³ என்று உடனே பதில் வரும். எண்ணில் குறையில்லை. ஆனால் மோலுக்குள் நுழைய அந்த எண் நல்ல வாசல் இல்லை என்பது என் உறுதியான கருத்து. இருபத்து நான்கு இலக்கங்கள் கொண்ட எண்ணை மனப்பாடம் செய்த மாணவருக்கு, அதை ஏன் யாரோ தேர்ந்தெடுத்தார்கள் என்ற கேள்வி கடைசிவரை மனத்தில் அரித்துக்கொண்டே இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வேதியியலாளர்களுக்கு இந்த எண் தெரியாது. தெரியாமலேயே அவர்கள் இதே கணக்கைச் சரியாகப் போட்டார்கள். எப்படி முடிந்தது என்று புரிந்துவிட்டால் மோல் புரிந்துவிடும்.

அதற்குப் பெரம்பலூர்க் காடுகளில் விளையும் மக்காச்சோளமே போதும். விதையின் தரத்தைச் சொல்லும்போது வேளாண்மைத் துறையினர் 'ஆயிரம் விதை எடை' என்று ஓர் அளவைக் குறிப்பிடுவார்கள். மக்காச்சோளத்துக்கு அது ஏறக்குறைய 250 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்; எள்ளுக்குச் சுமார் 3 கிராம். கால் கிலோ மக்காச்சோளத்திலும் 3 கிராம் எள்ளிலும் இருப்பது ஒரே எண்ணிக்கை. இப்போது ஒரு மக்காச்சோளத்துக்கு ஓர் எள் என்ற கணக்கில் விதை வேண்டும் என்றால் யாரும் உட்கார்ந்து எண்ண வேண்டியதில்லை. 25 கிலோ மக்காச்சோளத்துக்கு 300 கிராம் எள்ளை நிறுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த எண்ணிக்கை ஆயிரமா, பத்தாயிரமா என்றுகூட நமக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரு மக்காச்சோள விதை ஓர் எள்ளைவிட எத்தனை மடங்கு கனம் என்று தெரிந்தால் போதும். 250-க்கு 3 என்ற விகிதத்தில் நிறுத்தால், எவ்வளவு நிறுத்தாலும் இரண்டிலும் எண்ணிக்கை சமமாகத்தான் இருக்கும்.

வேதியியலாளர்கள் கண்டுபிடித்ததும் இந்த விகிதத்தைத்தான். கார்பனை 12 என்று வைத்தால் ஆக்சிஜன் 16, கால்சியம் 40. அப்படியானால் 12 கிராம் கார்பனிலும் 16 கிராம் ஆக்சிஜனிலும் 40 கிராம் கால்சியத்திலும் அணுக்களின் எண்ணிக்கை சமம். அந்தப் பொதுவான எண்ணிக்கை எவ்வளவாக இருந்தாலும் அது ஒரு மோல். அணு நிறையைக் கிராமில் நிறுத்தால் ஒரு மோல் கிடைக்கும். மூலக்கூறு நிறையைக் கிராமில் நிறுத்தாலும் அப்படியே.

சுண்ணாம்புக்கல் இந்தக் கணக்குக்காகவே படைக்கப்பட்டதுபோல இருக்கிறது. ஒரு கால்சியம் 40, ஒரு கார்பன் 12, மூன்று ஆக்சிஜன் 48. கூட்டினால் 100. தூய கால்சியம் கார்பனேட் 100 கிராம் எடுத்தால் அது ஒரு மோல். கன அளவில் 37 மில்லிலிட்டர், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

அரியலூரை ஒட்டிய கல்லங்குறிச்சிச் சுரங்கங்களில் அப்படி ஒரு துண்டை எடுத்துப் பார்த்தால், பல இடங்களில் அது கல் மட்டுமாக இருக்காது. தடித்து வளைந்த சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். கிரைஃபியா என்ற சிப்பி இனம் அது. ஏறக்குறைய 7 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியஸ் காலத்தின் கடைசிப் பகுதியில், இந்த நிலம் ஆழமற்ற கடலாக இருந்தபோது வாழ்ந்தது. சிப்பி ஒவ்வொன்றும் கடல்நீரிலிருந்து ஒரு கால்சியத்துக்கு ஒரு கார்பனேட் என்று பிடித்து ஓடு கட்டியது. அந்த ஓடு கால்சைட் என்ற கனிம வடிவில் அமைந்ததால் இத்தனை காலம் தாங்கி நிற்கிறது. அதே கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகளின் ஓடு அராகனைட் வடிவம். வேதிக் கணக்கில் அதுவும் 100 கிராமுக்கு ஒரு மோல்தான். ஆனால் அணுக்களின் அடுக்கு வேறு. அது எளிதில் கரைந்துபோவதால் பல இடங்களில் அச்சு மட்டுமே மிஞ்சியிருக்கிறது. வாரணவாசியில் உள்ள புதைபடிவ அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் கண்ணாடிப் பெட்டிகள் இன்னும் நிறையச் சொல்லும்.

அந்த 100 கிராம் கல்லைச் சுமார் 900 டிகிரிக்கு மேல் சுட்டால் சூளையில் மிஞ்சுவது 56 கிராம் சுட்ட சுண்ணாம்பு. காணாமல்போன 44 கிராம் கார்பன் டை ஆக்சைடாகப் பறந்துவிட்டது. அந்த வாயுவைப் பிடித்து 25 டிகிரிக்கு ஆற வைத்தால் ஏறக்குறைய 24.5 லிட்டர் இருக்கும். அது இருந்த கல்லைப்போல 660 மடங்கு இடம். காளவாயில் கிளிஞ்சல் சுட்ட பழைய ஆட்களுக்கு, போட்ட எடையில் பாதிக்குச் சற்று மேல்தான் திரும்பும் என்பது கை அனுபவமாகத் தெரியும். ஏன் 56, ஏன் 50 இல்லை, ஏன் 60 இல்லை என்பதை அணுக்களின் எடைதான் சொல்கிறது. அந்தச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றி நீற்றினால் ஒரு மோல் தண்ணீரை, அதாவது 18 கிராமை, வாங்கிக்கொண்டு 74 கிராம் ஆகும். சுவரில் பூசினால் காற்றிலிருந்து மெல்ல மெல்ல ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப வாங்கி, தண்ணீரை விட்டுவிட்டு, மீண்டும் 100 கிராம் கல்லாகும். சிமென்ட் வருவதற்கு முந்தைய காரைச் சுவர்கள் இப்படித்தான் இறுகின.

பெரம்பலூர் மாவட்டத்துக் காரை ஊரை ஒட்டிய ஓடைவெளிகளில் களிமண்ணுக்கு நடுவே ஜிப்சம் தகடு தகடாகக் கிடக்கும். அதில் ஒரு கால்சியம் சல்பேட்டுக்குச் சரியாக இரண்டு தண்ணீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன. 172 கிராம் எடுத்து நன்றாகச் சூடாக்கினால் 36 கிராம் ஆவியாகும். ஈரம் இல்லாத கல்லுக்குள் இவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைத் தராசு மட்டுமே காட்டிக்கொடுக்கும்.

சிமென்ட் ஆலையின் ஆய்வகத்தில் மோல் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்டத்தில் பார்க்கலாம். இன்று எக்ஸ்ரே கருவிகள் சில நிமிடங்களில் கல்லின் கலவையைச் சொல்லிவிடுகின்றன. ஆனாலும் பழைய அமில முறையைப்போல மோலைக் கண்ணுக்குக் காட்டும் சோதனை வேறில்லை. அரைத்த கல் தூளில் ஒரே ஒரு கிராமை நிறுத்துக் கூம்புக் குடுவையில் போடுகிறார்கள். லிட்டருக்கு அரை மோல் வலுவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை 50 மில்லிலிட்டர் அளந்து ஊற்றுகிறார்கள். நுரைத்துக் குமிழ் வரும். அடுப்பில் வைத்துக் கொதிக்கவிட்டு வாயுவை முழுவதும் விரட்டுகிறார்கள். ஊற்றிய அமிலம் 0.025 மோல். கல் தின்றது போக மீதி எவ்வளவு என்று தெரிய வேண்டும். ஆறியபின் இரண்டு சொட்டு பினாப்தலீன் விட்டு, பியூரெட்டிலிருந்து அதே வலுவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். ஒரு சொட்டுக்கு முன்வரை நிறமில்லாமல் இருந்த கரைசல் அடுத்த சொட்டில் இளஞ்சிவப்பாக நிற்கும்.

14 மில்லிலிட்டரில் நின்றது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மீதியிருந்த அமிலம் 0.007 மோல், கல் தின்றது 0.018 மோல். ஒரு கால்சியம் கார்பனேட்டுக்கு இரண்டு அமிலம் செலவாகும் என்பதால் கல்லில் இருந்தது 0.009 மோல், அதாவது 0.9 கிராம். கல்லில் 90 விழுக்காடு கால்சியம் கார்பனேட். மக்னீசியம் கார்பனேட் கலந்திருந்தால் அதுவும் அமிலத்தைத் தின்னும் என்பதால் அதற்குத் தனிச் சோதனை உண்டு. இந்தக் கணக்கில் எங்கேயும் 6.022 × 10²³ வரவில்லை. வரவேண்டிய தேவையே இல்லை. ஒன்றுக்கு இரண்டு என்ற உறவும் 100 என்ற எடையும் போதும்.

அந்த 90 எதற்கு? சூளையில் 1450 டிகிரியில் மூன்று கால்சியம் ஆக்சைடுக்கு ஒரு சிலிக்கா சேர வேண்டும். எடையில் அது 168 கிராமுக்கு 60 கிராம். சுண்ணாம்பு கூடிவிட்டால் சேர இணை கிடைக்காத கால்சியம் ஆக்சைடு, சூளையிலிருந்து வெளிவரும் கிளிங்கர் என்ற கட்டிகளில் தனியாகத் தங்கிவிடும். கட்டடம் எழும்பிய பின் அது ஈரத்தை வாங்கி ஊதி, காரையில் வெடிப்பு விடும். சுண்ணாம்பு குறைந்தால் டிரைகால்சியம் சிலிகேட் குறைந்து சிமென்டின் ஆரம்ப வலு போய்விடும். பதினோராம் வகுப்பில் வினைகட்டுப்படுத்தும் காரணி என்று படிப்பது இதைத்தான். 1979-ல் தொடங்கிய அரசு சிமென்ட் ஆலையாகட்டும், ரெட்டிபாளையம், ஆலத்தியூர், கீழப்பழுவூர் என்று பின்னால் எழுந்த ஆலைகளாகட்டும், ஒவ்வொரு முறைமாற்றத்திலும் யாரோ ஒருவர் இந்த விகிதத்தைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறார்.

இனி அந்த எண்ணுக்கு வரலாம்.

இத்தாலியின் டூரின் நகரத்து அமேடியோ அவகாட்ரோ 1811-ல் சொன்னது எண் அல்ல, ஒரு கருத்து: ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்கள் எவையாக இருந்தாலும் அவற்றில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். பெரிதாக யாரும் செவி சாய்க்கவில்லை. 1856-ல் அவர் இறந்தார். 1860-ல் ஜெர்மனியின் கார்ல்ஸ்ருஹேவில் வேதியியலாளர்கள் கூடியபோது, அவருடைய நாட்டவரான ஸ்டானிஸ்லாவோ கன்னிசாரோ அந்தக் கருத்தைக் கொண்டு அணு நிறைகளின் குழப்பத்தைத் தீர்க்கலாம் என்று வாதாடினார். தன் சிறு நூலைக் கூட்டத்தில் கொடுக்கச் செய்தார். அதன்பிறகே 12, 16, 40 என்ற அணு நிறைகள் உலகம் முழுக்க ஒத்துக்கொள்ளப்பட்டன. ஏறக்குறைய அதே நேரத்தில்தான் நிலவியலாளர் ஹென்றி பிளான்ஃபோர்டு நம் பகுதியின் பாறைகளை நடந்து அளந்து, ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய அறிக்கை 1862-ல் வெளிவந்தது.

எண்ணை முதலில் நெருங்கியவர் வியன்னாவின் யோஹான் லோஷ்மிட். 1865-ல் அவர் காற்று மூலக்கூறின் அளவைக் கணக்கிட்டார். 'மோல்' என்ற பெயரை வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு 1890-களில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். நீரில் மிதக்கும் நுண்துகள்களை நுண்ணோக்கியில் பார்த்து எண்ணிய ஃபிரெஞ்சுக்காரர் ழான் பெரின் 1909-ல் இந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரைச் சூட்டினார். அந்த உழைப்புக்காக 1926-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதன்பிறகு நடந்ததில் நம்முடைய கல்லுக்கே ஒரு பங்கு உண்டு. கால்சைட் படிகத்தில் அணுத் தளங்கள் சீராக அடுக்கியிருக்கின்றன. இரண்டு தளங்களுக்கு நடுவே ஏறக்குறைய 3.03 ஆங்ஸ்ட்ராம். சென்டிமீட்டரைப் பத்துக் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம். எக்ஸ்கதிர்களின் அலைநீளத்தை அளக்க இயற்பியலாளர்கள் இந்தப் படிகத்தையே அளவுகோலாக வைத்திருந்தார்கள். ஆனால் அந்த அளவுகோலின் இடைவெளி எங்கிருந்து வந்தது? கால்சைட்டின் அடர்த்தியையும் அவகாட்ரோ எண்ணையும் வைத்துப் போட்ட கணக்கிலிருந்து. அவகாட்ரோ எண்ணோ, அமெரிக்காவில் ராபர்ட் மில்லிகன் எண்ணெய்த் துளிகளைக் கொண்டு அளந்த எலக்ட்ரான் மின்னூட்டத்திலிருந்து வந்தது. அது 6.06 × 10²³ என்று காட்டியது.

1925-ல் இயற்பியலாளர்கள் காம்ப்டனும் டோனும் கோடு கீறிய கீற்றணி ஒன்றின் மேல் எக்ஸ்கதிரைச் சாய்வாக விழச்செய்து, படிகத்தின் துணையே இல்லாமல் அலைநீளத்தை அளக்க முடியும் என்று காட்டினார்கள். 1928-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் எரிக் பேக்லின் இதைத் துல்லியமாகச் செய்தபோது கால்சைட்டின் இடைவெளி எதிர்பார்த்ததைவிட ஆயிரத்தில் இரண்டு பங்கு கூடுதலாக வந்தது. அற்பமான வித்தியாசம்போலத் தெரிகிறது. ஆனால் நீளத்தில் ஆயிரத்துக்கு இரண்டு என்றால் கன அளவில் ஆறு. அதாவது அவகாட்ரோ எண் ஆயிரத்துக்கு ஆறு பங்கு கூடுதலாகக் கணிக்கப்பட்டிருக்க வேண்டும். சில ஆண்டுகள் யாரை நம்புவது என்ற வாதம் நடந்தது. 1932-ல் ஜப்பானிய இயற்பியலாளர் ஷிபா பிழையின் இடத்தைச் சுட்டிக்காட்டினார்: மில்லிகன் எடுத்துக்கொண்ட காற்றின் பாகுநிலை மதிப்பு சற்றுக் குறைவு. பின்னால் வந்த அளவீடுகள் அதை உறுதிசெய்தன. கால்சைட் சரியாகத்தான் சொன்னது.

இதை நாமே சரிபார்க்கலாம். எக்ஸ்கதிர் அளவீட்டின்படி கால்சைட்டில் ஒரு கால்சியம் கார்பனேட் பிடிக்கும் இடம் 61.3 கன ஆங்ஸ்ட்ராம். ஒரு மோல் பிடிக்கும் இடம், 100.09 கிராமை அடர்த்தி 2.71-ஆல் வகுத்தால், 36.9 கன சென்டிமீட்டர். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் 6.02 × 10²³. பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவர் தாளில் ஐந்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இது. வகுப்பில் எல்லோரும் ஒருமுறையாவது போட வேண்டும் என்று விரும்புகிறேன்.

நம் வழக்கில் அந்த எண் 602 கோடி கோடி கோடி. கல்லங்குறிச்சியில் கிரைஃபியா வாழ்ந்த நாளில் ஒருவர் நொடிக்கு ஒரு கோடி என்ற வேகத்தில் எண்ணத் தொடங்கி இந்த நிமிடம்வரை நிறுத்தவில்லை என்றால், உள்ளங்கையிலுள்ள அந்த 100 கிராம் கல்லில் இருபத்தேழில் ஒரு பங்கைத்தான் முடித்திருப்பார்.

1971-ல் மோல் அனைத்துலக அலகுமுறையின் ஏழாவது அடிப்படை அலகானது. 12 கிராம் கார்பன்-12-ல் எத்தனை அணுக்களோ அத்தனை என்பது அன்றைய வரையறை. பின்னர் கால்சைட்டின் இடத்துக்குச் சிலிக்கான் வந்தது. ஏறக்குறைய முழுக்கச் சிலிக்கான்-28 மட்டுமே கொண்ட ஒரு கிலோ உருண்டைகளை மெருகேற்றி, விட்டத்தையும் அணு இடைவெளியையும் அளந்து, இதே வகுத்தல் கணக்கைப் போட்டார்கள். 2019 மே 20 முதல் மோல் என்பது 6.02214076 × 10²³ என்று இம்மி பிசகாமல் நிறுவப்பட்டிருக்கிறது. இப்போது எண் முதலில், எடை அதன் பின்னால்.

இந்தக் கணக்கு அரியலூருக்கு ஒரு கடினமான செய்தியையும் சொல்கிறது. ஒரு டன் கிளிங்கரில் சுமார் 650 கிலோ கால்சியம் ஆக்சைடு இருக்கும். 56-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 11,600 மோல். அத்தனை மோலும் கல்லிலிருந்து வந்தவை. ஆகவே அத்தனை மோல் கார்பன் டை ஆக்சைடும் புகைபோக்கி வழியாக வெளியேறியாக வேண்டும். 44 கிராமால் பெருக்கினால் 510 கிலோ. எரிபொருளின் புகை இதில் சேரவில்லை. நிலக்கரியை நிறுத்திவிட்டுச் சூரிய மின்சாரத்தில் சூளையை ஓட்டினாலும் இந்த 510 கிலோவில் ஒரு கிராம் குறையாது. சிமென்ட் தொழில் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு இப்படிக் கல்லுக்குள்ளிருந்தே வருவது. சிப்பிகள் கடலில் பூட்டிவைத்த கார்பன் அது. பேச்சுவார்த்தைக்கோ சிக்கனத்துக்கோ அங்கே இடமில்லை, ஒன்றுக்கு ஒன்று என்பதால்.

ஆகவே குறைக்க வேண்டியது கிளிங்கரையே. சாம்பல் கலந்த சிமென்ட் இங்கே பல ஆண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்விட்சர்லாந்து, கியூபா நாட்டு ஆய்வாளர்களோடு சென்னை ஐ.ஐ.டி.யும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சேர்ந்து ஆராய்ந்த எல்.சி.3 என்ற சிமென்டில் பாதிதான் கிளிங்கர். 30 விழுக்காடு சுட்ட களிமண், 15 விழுக்காடு சுடாத சுண்ணாம்புக்கல் தூள், மீதி ஜிப்சம். 2023-ல் இதற்கு இந்தியத் தரநிலையும் வந்துவிட்டது. ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து 510 கிலோ கார்பன் டை ஆக்சைடு வந்தால், ஒரு டன் எல்.சி.3 சிமென்டுக்குச் சுமார் 255 கிலோதான் வரும். களிமண்ணைச் சுடும்போது அதிலிருந்து வெளியேறுவது தண்ணீர் மட்டுமே. சூளையைத் தொடாமல் நேரே அரைவைக்குப் போகும் அந்த 150 கிலோ சுண்ணாம்புக்கல் தூய்மையாக இருந்தால் 1,500 மோல். அதற்குள் இருக்கும் 66 கிலோ கார்பன் டை ஆக்சைடு கல்லாகவே சுவருக்குள் போய்ச் சேர்கிறது.